உப்புக்கு வாங்கிய பிள்ளை

மதினி கேட்டால் கொசு என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் சாக்கடையை அள்ளி மேலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், பகலிலேயே கொசு மொய்க்கிறது, அதனால்தான் பிள்ளைக்கு ஜீன்ஸ். பஸ்ஸில் வரும்போதே இந்தப் பதிலை விதவிதமாகச் சொல்லிப் பார்த்து, இருப்பதிலேயே சாதாரணமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். பதில் நன்றாகத்தான் இருக்கிறது, வெயில்தான் ஒத்துழைக்கவில்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முரட்டு நீலத் துணி, கழுத்து மடிப்பெல்லாம் வேர்வை பிசுபிசுக்கிறது, கிறிஸ்மஸுக்கு எடுத்த ஜீன்ஸ் வேறு, இப்போது இடுப்பில் இறுக்குகிறது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மெழுகுதிரி விற்கிற அம்மா கேட்டுவிட்டாள். "என்ன சார், பச்சப் பிள்ளைக்கு இந்த வேக்காட்டுல இத மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீய." கொசு என்றேன். "ஆமா, இப்பம் எங்கதான் கொசு இல்ல" என்று மெழுகுதிரியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். நம்பிவிட்டாள். நம்ப வேண்டும் என்றுதானே சொன்னேன், பிறகு ஏன் மிச்சச் சில்லறையை வாங்காமல் நகர்ந்தேன். லெவின் என் வலது கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறான். இந்தக் கைதான். காலையில் இதே கைதான். அவனை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான், இடது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி குதிக்கிறான்.

உள்ளே என்ன உயரம். எத்தனை தடவை வந்தாலும் இந்தப் பேராலயத்துக்குள் நுழைந்ததும் கழுத்து தானாக மேலே போகிறது, இந்த வளைவுகளை எப்படி நிறுத்தினார்கள் என்று பிஸிக்ஸ் வாத்தியாருக்கே உரிய கேள்வி வருகிறது. பதிலும் தெரியும், பிள்ளைகளுக்கு வரைந்தே காட்டியிருக்கிறேன். உச்சியில் இருக்கிற கல் தன் பாரத்தைப் பக்கத்துக் கல்லின் மேல் தள்ளுகிறது, அது அதற்கடுத்ததன் மேல், அது தூணின் மேல், கடைசியில் எல்லாப் பாரமும் கீழே இருப்பதன் தலையில் வந்து இறங்குகிறது. மேலே இருப்பவன் ஒய்யாரமாக நிற்கிறான். வேண்டாம், இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டாம், பிள்ளையைப் பிடிக்க வேண்டும். லெவின் விரலை விட்டுவிட்டான். நடுவழியில் போய் நின்று "ஏ" என்றான். கோயிலும் "ஏ" என்றது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான், கண் அகல, இப்படி ஒரு ஆள் இருப்பதை ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்கிற பார்வை. மறுபடியும் "ஏ". முழங்காலிட்டிருந்த ஒரு கிழவர் கண்ணைத் திறந்து மூடினார். நான் நுனிக்காலில் ஓடுகிறேன், ஓடுவது தெரியக் கூடாது, பிடிக்கவும் வேண்டும், அவன் பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து கையைத் தட்டுகிறான். தீர்த்தத் தொட்டியில் முழங்கை வரை விட்டுக் கலக்கினான், ஒரு கை அள்ளிக் குடித்தான், மிச்சத்தை என் சட்டையில் தெளித்தான். பித்தளை விளக்குத்தண்டைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை, கோயில் வேலைகளைப் பார்க்கிற பெரியவர், நிமிர்ந்து பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். "ஓடட்டும் சார், பிள்ளைன்னா ஓடத்தான செய்யும்" என்றார் அவர், மறுபடி விளக்கைத் துடைக்கப் போய்விட்டார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அவரிடம் மாவுச் சட்டி இல்லை, அதுதான் காரணம் என்று உடனே ஒரு பதில் எனக்குள் எழுந்தது. இந்த மாதிரிப் பதில்கள் காலையிலிருந்து எனக்குத் தட்டுப்பாடே இல்லாமல் வருகின்றன.

நடந்தது இவ்வளவுதான். ஒரே ஒரு அடி. அதுவும் முதல் அடி. அயர்ன் பாக்ஸ் ஒயரைப் பிடித்து இழுத்தபோது கையில் ஒரு தட்டு தட்டினேன், அது அடியில் சேராது, அது பாதுகாப்பு. சாப்பாட்டைத் துப்பியபோது வாயருகில் சுண்டியதும் சேராது. காலையில் என் மனைவி பெனிட்டா மஸ்கட்டிலிருந்து பேசினாள். நேர்ந்தபடி பிள்ளையை மாதாவுக்கு விற்று, உப்புக் கொடுத்துத் திருப்பி வாங்குகிற நாள், தன்னால் வர முடியவில்லையே என்று அழுதாள், அழுது முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்றாள். உன் இஷ்டம் என்றேன். உன் இஷ்டம் என்பதை நான் எப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அதனால் இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் போனை வைத்தோம். இன்னும் ஒரு வருஷம். பள்ளிக்கூட வேலையை விட்டு, சாயங்காலம் வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, மற்ற நேரமெல்லாம் கழுவி, துடைத்து, ஊட்டி, தூங்க வைத்து. கிளாட்வின் மாதிரி ஒரு ஆம்பளை பிள்ளை வளர்ப்பானா என்று அவள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பாராட்டுக்காகவே சில வேலைகளை ஆள் பார்க்கச் செய்கிறேன். போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனால் பிரிட்ஜ் திறந்து கிடக்கிறது. கீழ்த்தட்டில் இருந்த இட்லி மாவுச் சட்டி கவிழ்ந்து, தரை முழுக்க மாவு, நடுவில் இவன், அப்போதுதான் குளிப்பாட்டி ஜட்டி மட்டும் போட்டு விட்டிருந்தேன், இரண்டு உள்ளங்கையாலும் மாவைத் தட்டித் தட்டிப் பாடுகிறான். என்னைப் பார்த்ததும் சிரித்து "அப்பா, மாவு" என்றான், எனக்காகவே செய்து வைத்த காரியம் மாதிரி. கண்மண் தெரியவில்லை. கை தானாகப் போய்விட்டது. அந்தச் சத்தம், ஈரத் தோலில் விழுகிற சத்தம், நான் எதிர்பார்க்காதது. அவன் உடனே அழவில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை, முகம் நீலமாகப் போய், நான் பயந்து தூக்கி உலுக்கிய பிறகுதான் வீறிட்டான். பிறகு சமாதானப்படுத்தினேன், கழுவினேன், கிளம்பினோம். கழுவும்போதுதான் பார்த்தேன், வலது தொடையில் நாலு விரலும் வரிசையாக எழுந்து நின்றன.

பெனிட்டா குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒரு தழும்பைப் பார்த்தால் விழுந்ததா, இடித்ததா, யாராவது தொட்டதா என்று சொல்லிவிடுவாள். சிவப்பு எப்போது நீலமாகும், நீலம் எப்போது மஞ்சளாகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அங்கே ஒரு தகப்பன் பிள்ளையைக் கொண்டுவந்து கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்று சொன்னதையும், தான் அந்த ஆளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றதையும் ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் அப்போது, இவனெல்லாம் மனுஷனா என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், அதில் நடிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் பிரம்பைத் தொட்டதில்லை, கிளாட்வின் சார் அடிக்க மாட்டார் என்று பிள்ளைகள் பந்தயமே கட்டுவார்கள். பெரிய பிள்ளைகள், திருப்பி முறைக்கக் கூடியவர்கள், வீட்டில் போய்ச் சொல்லக் கூடியவர்கள். இவன் போய் யாரிடம் சொல்வான். இவனுக்குத் தெரிந்த வார்த்தைகளில் பாதி பறவையும் மாவும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிக்கொண்டேன், பஸ்ஸில், ஜன்னலோரத்தில் அவன் மூக்கைக் கம்பியில் அழுத்திக்கொண்டு நின்றபோது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா. அடியாத மாடு படியாது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். நம் பாஷையில் இதற்கு எத்தனை பழமொழி, கேட்டு வாங்கியது மாதிரி. எல்லாம் அடித்தவர்கள் சொன்னவையாகத்தான் இருக்க வேண்டும், குஞ்சைக் கேட்டு யாரும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. லேய், எங்கே போகிறான் இவன்.

பாவசங்கீர்த்தனத் தொட்டி, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற மரக்கூண்டு. ஊதா நிறத் திரைக்குள் தலையை விட்டுவிட்டான். உள்ளே சாமியார் இருக்கிறார், வெள்ளை அங்கியின் ஓரமும் ஒரு செருப்புக் காலும் தெரிகின்றன, பக்கத்தில் ஒரு பெண் முழங்காலிட்டுச் சல்லடைத் துவாரத்தில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். லெவின் சாமியாரின் கட்டை விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு "தாத்தா காலு" என்று எனக்கு அறிவித்தான். அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அள்ளும்போது வலது தொடையில் கை படாமல் அள்ள வேண்டும், அதற்கு ஒரு முறை காலையிலிருந்து பழகிவிட்டது, அக்குளில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை. நானும் போய் அந்த வரிசையில் நிற்கலாம். நின்றால் என்ன சொல்வது. சின்ன வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்கு முன்னால் எங்களுக்குப் பாவங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பாவம் எங்கிருந்து வரும், அதனால் கன்னியாஸ்திரியம்மாவே சொல்லிக் கொடுத்தார்கள், பொய் சொன்னேன், சண்டை போட்டேன், காலை செபம் சொல்ல மறந்தேன், பெற்றோருக்குக் கீழ்ப்படியவில்லை. அந்தக் கடைசிப் பாவத்தை நான் ஒவ்வொரு மாதமும் சொல்லியிருக்கிறேன், அப்பாவிடம் அடி வாங்கிய மாதமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அடித்தவருக்கு என்ன பாவம் என்று அந்த வகுப்பில் வரவில்லை. என் அப்பா இதே மாதிரித் தொட்டியில் போய் எதைச் சொல்லியிருப்பார். பீடியைச் சொல்லியிருப்பார், ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாததைச் சொல்லியிருப்பார், வெளியே வந்து என் தலையைத் தடவி முறுக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். அவரை மாதிரி ஆகக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. அதைப் பெனிட்டாவிடம் கல்யாணம் பேசும்போதே பெருமையாகச் சொன்னேன். ஒரே ஒரு அடி, அதற்கு இவ்வளவு யோசனை தேவையா. தேவையில்லை. ஆனால் ஜீன்ஸ் ஏன் போட்டேன்.

"தம்பி, எப்பம் வந்தீய" என்று பின்னால் குரல். ஜெசிந்தா மதினி, பெனிட்டாவின் அக்கா, ஞானஸ்நானத்தில் லெவினைக் கையில் ஏந்திய ஞானத்தாய். கையில் துணிப்பை, நெற்றியில் வேர்வை, அவள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். லெவின் "பெரிம்மா" என்று கத்திக்கொண்டு ஓடி அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவள் தூக்கினாள், தூக்கியதும் அவள் கை சரியாக அங்கேதான் போனது, வலது தொடையில். அவன் முகத்தைச் சுளித்து நெளிந்தான். "வளந்துட்டான், தூக்குனா நிக்க மாட்டேங்கான்" என்று இறக்கிவிட்டாள். நான் மூச்சை விட்டேன். "ஜீன்ஸ் எதுக்கு, அவிஞ்சு போவாம்லா" என்றாள். கொசு. "கோயில்லயுமா கொசு." நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள், ஒரு படி உப்பு, கல்லுப்பு. இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சின்னது, அரைக்கால்சட்டை. தானே துணி எடுத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முழங்காலுக்கு மேலே நிற்கும். தொடையில் பாதிதான் மறையும். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், பழைய உடுப்பைக் கழற்றிப் புது உடுப்பு போட்டுத்தான் மாதா பீடத்துப் படியில் கிடத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாததா. தெரியும். தெரிந்துதான் பஸ் ஏறினேன், ஏதாவது வழி பிறக்கும் என்று ஏறினேன்.

லெவின் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கைப்பிடி அளவு கிடந்தான். பிழைத்தால் உனக்கே தருகிறேன், உப்புக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று பெனிட்டா இந்த மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அவர்கள் பக்கத்தில் இது வழக்கம். பீடத்தின் படியில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, பெற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் பெரிய வாசல் வரை நடந்து போக வேண்டும். பிறகு உப்போடு வந்து, ஞானத்தாய் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பிள்ளை மாதாவுக்குச் சொந்தம், நாம் வளர்க்கிற ஆள்தான். விற்று வாங்கிய பிள்ளையை அடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு, அவர்கள் வீட்டில் எல்லோரும் அதை மதிப்பார்கள், மதினியின் மகன் ஒருவன் அப்படி விற்று வாங்கியவன், அவனை வளர்ந்து ஆளாகும் வரை யாரும் அடிக்கவில்லை, அவன் தம்பி அவன் பங்கையும் சேர்த்து வாங்கினான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படியானால் நான் காலையில் அடித்தது விற்பதற்கு முன்னால்தான். அப்போது அவன் என் பிள்ளை. இப்படி ஒரு நியாயம் என் தலையில் ஓடியது, நானே வெட்கப்பட்டேன். சேதாரமான சரக்கைப் பொட்டலம் கட்டி மாதாவின் தலையில் கட்டுகிற வியாபாரி மாதிரி நிற்கிறேன். "மாத்திருவோமா" என்று மதினி லெவினின் இடுப்புப் பட்டனில் கை வைத்தாள். "இருக்கட்டும் மதினி, சட்டைய மட்டும் மாத்துவோம், கழட்டுனா மறுபடி போட விட மாட்டான், ஓடிருவான்" என்றேன். என் குரல் ரொம்ப இயல்பாக இருந்தது. அவள் ஒரு கணம் கால்சட்டையைப் பார்த்தாள், ராத்திரியெல்லாம் கையால் ஓரம் அடித்திருப்பாள். "சரி, உங்க இஷ்டம்" என்று மடித்துப் பையில் வைத்தாள். உங்க இஷ்டம். காலையில் நான் சொன்னதைவிட அவள் எவ்வளவோ நல்ல மனதோடு சொன்னாள்.

பெனிட்டாவைக் கூப்பிட்டோம். வீடியோவில் வந்தாள், நீலச் சீருடை, பின்னால் ஏதோ மருந்து அலமாரி, பத்து நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கிறாள். மதினி போனை மாதா பீடத்தின் பூச்சாடியில் சாய்த்து வைத்தாள். "லெவி, அம்மா பாரு" என்றாள் பெனிட்டா, லெவின் போனை நக்கப் போனான். "அவன் ஏன் ஜீன்ஸ்ல இருக்கான்" என்று கேட்டாள். மதினியே பதில் சொன்னாள், கொசுவாம். பொய் என் வாயிலிருந்து கிளம்பி இப்போது மதினி வாய் வழியாக மஸ்கட்வரை போய்விட்டது. வெள்ளைச் சட்டையைப் போட்டுப் படியில் கிடத்தினோம். நான் திரும்பி நடந்தேன். ஐந்தாறு பெஞ்சு தாண்டியிருக்க மாட்டேன், பின்னால் தடதடவென்று காலடி, "அப்பா, அப்பா" என்று, என் காலைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து சிரிக்கிறான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். மதினியும் பெனிட்டாவும் சிரிக்கிறார்கள். இவனுக்கு ஒரு விவஸ்தை கிடையாதா. காலையில் அடித்தவன் நான், பெரியம்மா கையில் உட்கார்ந்திருக்கலாம், பூ இருக்கிறது, மெழுகுதிரி இருக்கிறது, விட்டுவிட்டு என் பின்னாலேயே ஓடி வருகிறான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று, பிள்ளைகள் மறந்துவிடும் என்று நினைத்து அந்த நினைப்பில் கொஞ்சம் இளைப்பாறினேன்.

மறுபடி கிடத்தினோம். பீடத்தின் ஓரத்தில், பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிவிட்டுப் போன மரத் தொட்டில்கள் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. மதினி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள், மாதா கோபிக்க மாட்டா என்று தனக்குள் சொல்லிக்கொண்டே. அவன் அதில் மூழ்கிவிட்டான், நான் உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை யாரும் பின்னால் வரவில்லை. எவ்வளவு நீளமான கோயில். தரையில் இறந்துபோன சாமியார்களின் கல்வெட்டுகள், மிதிக்காமல் நடக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்காமல் இப்படியே வாசலைத் தாண்டிப் போய்விட்டால் மதினி வளர்த்துவிடுவாள், நன்றாகவே வளர்ப்பாள். இந்த நினைப்பு பயமாக இருக்க வேண்டும், ஒரு கணம் ஆசையாகவும் இருந்தது, அதுதான் பயம். இன்னும் ஒரு வருஷம், நானும் அவனும் அந்த வீட்டில். இன்னொரு மாவுச் சட்டி கவிழாமலா இருக்கும். இனி அடிக்க மாட்டேன். இனி என்றால். கண்மண் தெரியாத கோபம் வந்தால் யார் என்ன செய்ய முடியும், அது சொல்லிவிட்டா வருகிறது. மனுஷன் கையை மீறினது. வாசல் நிலையைத் தொட்டேன், வெளியே வெயில் கண்ணைக் கூசியது, திரும்பினேன். உப்புப் பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியிலேயே பார்த்துவிட்டேன். லெவின் பொம்மையைப் படியில் காலூன்றி நிற்க வைத்திருக்கிறான். அது விழுகிறது, மறுபடி நிறுத்துகிறான். ஒரு கையால் அதன் முதுகைத் தாங்கிக்கொண்டான். பிறகு கழுத்தை இடது பக்கம் திருப்பி, கொஞ்சம் எக்கி, அங்கே ஒன்றுமில்லை, ஒரு தூண்தான், அந்தத் தூணுக்கு அப்பால் எதையோ எட்டிப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி, கையை ஓங்கி, பொம்மையின் தொடையில் ஒன்று வைத்தான். "எத்தன தவ" என்றான், எத்தனை தடவை சொல்வது என்கிறான், தடவ என்று இன்னும் வாயில் வராது. பிறகு மறுபடி நிறுத்தி, மறுபடி இடது பக்கம் எட்டிப் பார்த்து, மறுபடி. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், தோள் குலுங்குகிறது. "ஏல, மாதா பிள்ளையப் போயி அடிக்க" என்கிறாள். போனிலிருந்து பெனிட்டாவின் சிரிப்பு, "வாத்தியார் பிள்ளைன்னு காட்டிட்டான் பாரேன், ஆனா அவங்கப்பா அடிக்கிற வாத்தியார் இல்லையே, எங்க படிச்சான் இத." எல்லோருக்கும் தெரிந்தது அந்த அடி மட்டும்தான். அந்தக் கழுத்து எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் அடுக்களையில் இடது பக்கம் ஒரு ஜன்னல். பாதிக்குத் திரை. எக்கிப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் துவைகல் தெரியும், காலையில் விக்டோரியா அக்கா அங்கேதான் நிற்பார். பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். அவர் துவைத்துவிட்டுப் போயிருந்தார், கல் ஈரமாக இருந்தது, அதுகூட இப்போது கண்ணுக்குள் தெரிகிறது. ஆளில்லை என்று தெரிந்த பிறகுதான் கை போனது. கண்மண் தெரியாத கோபம் ஜன்னலை எட்டிப் பார்க்காது. நான் யோசித்துத்தான் அடித்திருக்கிறேன். இவன் கீழே மாவில் உட்கார்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்திருக்கிறான், நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்திருக்கிறான், முதலில் ஜன்னல், அப்புறம் அடி என்று வரிசையாகப் பாடம் படித்து வைத்திருக்கிறான். ஒரு தடவையில் இவ்வளவு துல்லியமாக யாரும் படிக்க முடியாது. எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா. அந்த ஒயர் சேரும். அந்தச் சாப்பாடு சேரும். வேறு சிலவும் சேரும், எதற்கெல்லாம் பாதுகாப்பு என்று பெயர் வைத்தேனோ எல்லாம் சேரும்.

கால் எப்படியோ பீடத்துக்கு வந்துவிட்டது. உப்பைப் படியில் வைத்தேன். மதினி பொம்மையை வாங்கித் தொட்டிலில் போட்டுவிட்டு லெவினைத் தூக்கி நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது. இத்தனை வருஷமாக என்னைத் தம்பி என்றும் நீங்க என்றும் கூப்பிடுகிறவள், இப்போது மாதாவின் இடத்தில் நின்று பேசுவதால் நீ என்றாள். "இது இனி மாதா பிள்ளை. வளக்கத்தான் உன் கையில தாரா. கை ஓங்காம பாத்துக்கிடுவியா." பாத்துக்கிடுதேன் என்று சொல்லிக் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, பெனிட்டா சந்தோஷமாக வார்டுக்குப் போய்விடுவாள், நாலு நாளில் மஞ்சளாகி மறைந்துவிடும். லெவின் என்னிடம் வருவதற்கு உடம்பை முன்னால் சாய்த்துக் கையை நீட்டுகிறான். என் கை எழவில்லை.

"மதினி, அந்த ஜீன்ஸக் கழட்டுங்க" என்றேன்.

"அப்பமே கேட்டேன்லா, நீங்கதான இருக்கட்டும்னீய."

"இப்பம் கழட்டுங்க. பெனிட்டாவும் பாக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு படியில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுப் பட்டனைக் கழற்றினாள். வேர்வையில் ஒட்டிக்கொண்டு சுலபத்தில் இறங்கவில்லை, இழுக்க இழுக்க அவன் கூச்சத்தில் சிரித்தான், காற்றுப் பட்டதும் காலை உதைத்துக் கொண்டாடினான். முழங்காலுக்கு வந்ததும் மதினியின் கை நின்றது. தன் உள்ளங்கையை மெதுவாக அதன் மேல் வைத்தாள், மூடப் பார்த்தது போல. அவள் விரல்கள் சின்னவை, என் விரல்கள் அவற்றைத் தாண்டித் தெரிந்தன.

"என்னக்கா, ஏன் பேசாம இருக்க" என்றாள் பெனிட்டா. "கைய எடு. அங்க என்ன செவப்பா. கிட்டக் காட்டுங்க."

நான் பூச்சாடியிலிருந்து போனை எடுத்து, முழங்காலிட்டு, கிட்டக் கொண்டுபோனேன்.